எங்கே போட்டாய் ஓட்டை? ஜிம்பாப்வே, 2008

கேள்வி இது: “2008-ல் ஜிம்பாப்வே அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் எதிர்க்கட்சிதான் முந்தியது. மூன்றே மாதத்தில் நடந்த இரண்டாம் சுற்றில் முகாபே 85 சதவீதம் வாங்கினார். இடையில் என்ன நடந்தது? கள்ள ஓட்டா, கலவரமா? அதைச் செய்தவர்களில் யாராவது தண்டனை பெற்றார்களா?”

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உத்தரவு போடும் இடத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. அந்த மூன்று மாத நடவடிக்கையை நடத்திய பாதுகாப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் என்று அப்போதே பரவலாகச் சொல்லப்பட்டவர் எம்மர்சன் மனங்காக்வா. 2017-ல் முகாபேயைக் கீழே இறக்கிவிட்டு அவரே அதிபரானார். முப்படைத் தளபதியாக இருந்த கான்ஸ்டன்டினோ சிவெங்கா துணை அதிபரானார். சரி, இப்போது கதைக்கு வருவோம்.

முதலில் ‘கலவரம்’ என்ற சொல்லை எடுத்து வைத்துவிட வேண்டும். அதற்கு மூன்று மாதம் முன்பு, 2007 டிசம்பர் கடைசியில், கென்யாவில் நடந்ததைக் கலவரம் என்று ஓரளவு சொல்லலாம். அங்கே முடிவை அறிவித்த அன்றே ஊர் பற்றிக்கொண்டது. இனக்குழுக்கள் மாறி மாறித் தாக்கிக்கொண்டன, காவல்துறை சுட்டது, 1,100-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கும் பின்னாலிருந்து தூண்டியவர்கள் உண்டு. ஆனால் ஜிம்பாப்வே வேறு ரகம். தேர்தல் முடிந்து முதல் சில நாட்கள் நாடு அமைதியாகவே இருந்தது. ஜனங்கள் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அடி விழ ஆரம்பித்தது அதற்குப் பிறகு, நிதானமாக, பட்டியலோடு. ஒரு தரப்பு அடித்தது, இன்னொரு தரப்பு அடி வாங்கியது. இதற்கு ஷோனா மொழியில் ஒரு பெயரும் இருந்தது: ‘ஆபரேஷன் மகவோட்டெராபாபி’. ‘நீங்கள் எங்கே ஓட்டுப் போட்டீர்கள்?’ என்று அர்த்தம்.

இந்தப் பெயரை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ரகசிய வாக்கெடுப்பு நடந்த ஒரு நாட்டில், இந்தக் கேள்வியோடு ஒருவரை வீட்டிலிருந்து இழுத்துப் போக எப்படி முடிந்தது? என்னைப் பொறுத்தவரை முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

நம்மில் பலருக்கு ஜிம்பாப்வே கிரிக்கெட் வழியாகத்தான் அறிமுகம். 1998-ல் ஷார்ஜாவில் டெண்டுல்கர் வெளுத்து வாங்கினாரே, அந்த ஹென்றி ஒலொங்காவை ஞாபகம் இருக்கலாம். 2003 உலகக் கோப்பையில் தலைநகர் ஹராரேயில் நடந்த முதல் ஆட்டத்துக்கு அவரும் ஆண்டி ஃபிளவரும் கையில் கறுப்புப் பட்டையோடு இறங்கினார்கள். எங்கள் நாட்டில் ஜனநாயகம் செத்ததற்குத் துக்கம் காட்டுகிறோம் என்று அறிக்கை கொடுத்தார்கள். அதோடு இருவருடைய சர்வதேச ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. நாட்டை விட்டும் போக வேண்டியதாயிற்று. 2008-ல் வெடித்தது திடீரென்று வந்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1980-ல் வெள்ளையர் ஆட்சியிலிருந்து விடுதலை வாங்கிக் கொடுத்த தலைவர்களில் முதன்மையானவர் ராபர்ட் முகாபே. 1999-ல் தொழிற்சங்கத் தலைவர் மோர்கன் சுவாங்கிராய் எம்டிசி என்ற கட்சியைத் தொடங்கும்வரை அவருக்கு நாடு தழுவிய சவால் இல்லை. 2000 பிப்ரவரியில் புதிய அரசியல் சட்டத்துக்காக நடத்திய வாக்கெடுப்பில் முகாபே தோற்றார். சில வாரங்களில் வெள்ளையர் பண்ணைகளை முன்னாள் போராளிகள் ஆக்கிரமிக்கத் தொடங்கினார்கள். உலகப் பத்திரிகைகள் வெள்ளைப் பண்ணைக்காரர்களைப் பற்றியே எழுதின. அந்தப் பண்ணைகளில் வேலை பார்த்த லட்சக்கணக்கான கறுப்பினக் கூலித் தொழிலாளர்கள், எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுபவர்கள் என்ற சந்தேகத்தில் அடித்து விரட்டப்பட்டது இரண்டாம் பட்சமாகிவிட்டது. 2005 மார்ச் தேர்தலில் நகரங்கள் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டன. மே மாதம் ‘ஆபரேஷன் முரம்பட்ஸ்வினா’, அதாவது குப்பை அகற்றும் நடவடிக்கை என்ற பெயரில் நகர்ப்புறக் குடிசைகளும் பெட்டிக்கடைகளும் புல்டோசருக்குப் போயின. வீட்டையோ பிழைப்பையோ, இரண்டையுமோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் என்று ஐ.நா. தூதர் அன்னா டிபைஜுகா கணக்கிட்டார். ஓட்டுக்குப் பின் தண்டனை என்பது அந்த ஊருக்குப் புதிதில்லை.

2007 மார்ச்சில், ஹைஃபீல்டில் ஒரு பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போன சுவாங்கிராயைக் காவல்துறை பிடித்து மண்டை உடையும்படி அடித்தது. வீங்கிய முகத்தோடு அவர் வெளியே வந்த படம் உலகமெல்லாம் போனது. அந்த அவமானத்தில்தான் ஆப்பிரிக்காவின் தெற்கு வட்டார நாடுகளின் கூட்டமைப்பான சாடெக், சமரசம் பேசும் வேலையைத் தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ எம்பெகியிடம் கொடுத்தது. பேச்சுவார்த்தையில் எதிர்க்கட்சி வாங்கிய சலுகைகளில் ஒன்று சின்னதாகத் தெரியும், ஆனால் அதுதான் எல்லாவற்றையும் புரட்டியது: ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணி முடித்ததும், முடிவை எழுதி அந்தச் சாவடியின் வாசலிலேயே ஒட்ட வேண்டும். அந்தப் படிவத்துக்குப் பெயர் வி-11.

2008 மார்ச் 29-ல் வாக்குப்பதிவு. அன்று இரவே நாடு முழுக்க 9,000-க்கு மேற்பட்ட சாவடிகளின் கதவுகளில் வி-11 தொங்கியது. எம்டிசி தொண்டர்கள் கைப்பேசியிலும் கேமராவிலும் படம் எடுத்தார்கள், எண்களைக் கூட்டினார்கள். தேர்தல் ஆணையம் வாயைத் திறக்குமுன் கட்சிக்கு விடை தெரிந்துவிட்டது. உள்நாட்டுத் தேர்தல் கண்காணிப்பாளர்களின் கூட்டமைப்பான செசன், மாதிரிச் சாவடிகளை வைத்துத் தனியாகக் கணித்தது: சுவாங்கிராய்க்கு 49.4 சதவீதம், முகாபேக்கு 41.8. நாடாளுமன்றத்திலும் 28 ஆண்டில் முதல்முறையாக ஆளுங்கட்சியான ஜானு-பிஎஃப் பெரும்பான்மை இழந்தது. வாசலில் ஒட்டிய காகிதத்தை ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற முடியாது. பெட்டியை மாற்றித் திருடும் வழி அடைபட்டுப் போனது.

ஆனால் அதே காகிதத்தை இன்னொருவரும் படித்துக்கொண்டிருந்தார். தனி மனிதனின் ஓட்டை ரகசிய வாக்கெடுப்பு மறைக்கும். முந்நூறு நானூறு பேர் ஓட்டுப் போடும் ஒரு கிராமத்துச் சாவடியின் மொத்தத்தை அது மறைக்காது. 2002-ல் முகாபேக்கு அள்ளிக் கொடுத்த மஷோனாலாந்து கிராமங்களில் இந்த முறை எத்தனை ஓட்டு சரிந்திருக்கிறது என்று வார்டு வார்டாகத் தெரிந்தது. பொய்த்துப்போன ஊர்கள் எவை என்று முகவரியோடு கைக்கு வந்தது. திருட்டைத் தடுக்க வாங்கிய ஏற்பாடு, அடிக்க வருபவனுக்கு வரைபடமாகவும் ஆகிவிட்டது.

(இது அவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. நம் ஊரில் ‘உங்க பூத்துல எத்தனை விழுந்துச்சுன்னு தெரியும்’ என்று தண்ணீர் லாரி விஷயத்தில்கூட மிரட்ட முடிவது இதனால்தான். பல சாவடிகளின் ஓட்டைக் கலந்து மொத்தமாக மட்டும் காட்டும் டோட்டலைசர் கருவியை இந்தியத் தேர்தல் ஆணையம் முன்மொழிந்ததும் தற்செயலாக அதே 2008-ல்தான். 2015-ல் சட்ட ஆணையமும் ஆதரித்தது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லாத ஒரு நாட்டில் சாவடிக் கணக்கை மறைத்தால், திருட்டுக்கு மறுபடி கதவு திறக்கும். சுலபமான விடை கிடையாது.)

அதிபர் தேர்தல் முடிவு மட்டும் வரவே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். 23 தொகுதிகளில் மறு எண்ணிக்கை என்றார்கள். முகாபேயின் ஓட்டைக் குறைத்து எழுதினார்கள் என்று தேர்தல் அலுவலர்கள் சிலரையே கைது செய்தார்கள். ஏப்ரல் 12-ல் ஹராரே வந்த எம்பெகி, இங்கே நெருக்கடி ஏதும் இல்லை, வழக்கமான தேர்தல் நடைமுறைதான் என்ற தொனியில் பேசிவிட்டுப் போனார். மே 2-ல்தான் அறிவித்தார்கள்: சுவாங்கிராய் 47.9 சதவீதம், முகாபே 43.2, ஆளுங்கட்சியிலிருந்து பிரிந்து நின்ற சிம்பா மக்கோனி 8.3. யாருக்கும் பாதியைத் தாண்டவில்லை என்பதால் இரண்டாம் சுற்று, ஜூன் 27-ல். தங்களுக்கு 50.3 சதவீதம் என்று எம்டிசி சொன்னது. இந்த இரண்டு எண்ணில் எது சரி என்று அப்போதிலிருந்து சண்டை ஓடுகிறது. அறிவிப்பு எவ்வளவு தாமதமானது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை: ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் கிராமங்களில் வேலை நடந்துகொண்டிருந்தது.

வேலை எப்படி நடந்தது என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பும் உள்ளூர் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம், கட்சி அலுவலகம், ஒதுக்குப்புறமான பண்ணை, இதில் ஏதாவது ஒன்றைப் பிடித்து ‘பேஸ்’ ஆக்குவார்கள். கட்சி இளைஞர் படையும், ‘வார் வெட்’ என்று அழைக்கப்படும் முன்னாள் போராளிகளும் அங்கே தங்குவார்கள். முன்னாள் போராளி என்று சொல்லிக்கொண்ட பலருக்கு வயதைப் பார்த்தால் விடுதலைப் போர் நடந்தபோது தொட்டில் பருவம்! மேலே ராணுவ அதிகாரி ஒருவர் அந்த மாவட்டத்தைப் பார்த்துக்கொள்வார். சாயங்காலம் ஊரையே கூட்டத்துக்கு வரச் சொல்வார்கள். இதற்குப் பெயர் ‘புங்வே’. விடுதலைப் போர்க் காலத்தில் போராளிகள் கிராமத்தாரோடு விடிய விடியப் பாடிப் பேசி நடத்திய கூட்டத்தின் பெயர் அது. அந்த ஊர் முதியவர்களுக்கு அது ஒரு காலத்தில் பெருமையான சொல். 2008-ல் அதே பாட்டு, அதே கோஷம், ராத்திரி முழுக்க. நடுவில் பட்டியலை எடுத்துப் பெயர் வாசிப்பார்கள். வாசிக்கப்பட்டவர் முன்னால் வந்து, நான் எம்டிசி, தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லி உறுப்பினர் அட்டையைக் கொடுக்க வேண்டும். அப்புறம் அடி. பல இடங்களில் அடிப்பதற்கு அண்டை வீட்டுக்காரர் கையிலேயே தடியைக் கொடுத்தார்கள். நாளை அந்த ஊரில் யார் யாருக்கு எதிராகச் சாட்சி சொல்வது?

அடி எங்கே விழுந்தது என்பதிலும் கணக்கு இருந்தது. உள்ளங்காலில் அடித்தால் வாரக்கணக்கில் நடக்க முடியாது: ஓடவும் முடியாது, வாக்குச்சாவடிக்கு வரவும் முடியாது. பின்புறத்தில் சதை கிழியும்வரை அடித்ததால் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் ஏராளம். ‘அரைக்கையா, முழுக்கையா?’ என்று கேட்டார்கள் என்ற சாட்சியங்களும் உண்டு. சட்டையைப் பற்றிய கேள்வி இல்லை அது. கையை முழங்கைக்கு மேலே வெட்டுவதா, மணிக்கட்டோடு வெட்டுவதா என்பது. மே 5-ல் மஷோனாலாந்து சென்ட்ரலில் உள்ள சவோனா என்ற ஊரில், ஒரே ராத்திரியில் இப்படிக் கூட்டி வைத்து அடித்ததில் குறைந்தது ஆறு பேர் செத்தார்கள். ‘மறு கல்வி’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மாத நடுவில் ஹராரேயின் மபுவுக்கு பகுதியில் இளைஞர் தலைவர் டொண்டராய் இண்டிராவை வீடு புகுந்து தூக்கிப் போனார்கள். முப்பதுக்கு மேல் முறை கைதாகி மீண்டவர் என்று தொண்டர்கள் வேடிக்கையாகப் பெருமை பேசும் ஆள். அந்த முறை பிணமாகத்தான் கிடைத்தார்.

ஆசிரியர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜிம்பாப்வே கிராமங்களில் வாக்குச்சாவடி அலுவலர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள்தான். வி-11 படிவத்தில் எண்ணை எழுதியதும் அவர்கள் கைதான். தோல்வியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் என்று அவர்கள் மீது ஒரு தனிக் கோபம். நூற்றுக்கணக்கானோர் அடிபட்டார்கள், பலர் பள்ளியை விட்டு ஓடினார்கள். நம் ஊர் ஆசிரியர்கள் தேர்தல் பணியென்றால் சலித்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

தப்பி ஓடியவர்கள் ஹராரேயில் எம்டிசி தலைமையகமான ஹார்வெஸ்ட் ஹவுஸில் தரையில் படுத்துக் கிடந்தார்கள். ஏப்ரல் 25-ல் காவல்துறை அங்கே புகுந்து 200-க்கு மேற்பட்டோரை அள்ளிக்கொண்டு போனது. அடி வாங்கியவர்கள்தான் கைதானவர்கள். அதே நாளில் செசன் அலுவலகத்திலும் சோதனை. இன்னொரு நுணுக்கம்: அந்தத் தேர்தலில் ஒருவர் தன் வார்டில் மட்டும்தான் ஓட்டுப் போட முடியும். ஆகவே ஒருவரை ஊரை விட்டு விரட்டினாலே அவர் ஓட்டு காலி. அடையாள அட்டையைப் பிடுங்கிக் கிழித்தாலும் காலி. 36,000 பேர் வரை இடம்பெயர்ந்தார்கள், 5,000-க்கு மேற்பட்டோர் அடியும் சித்திரவதையும் பட்டார்கள், 200 பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்பது ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பின்னர் சொன்ன கணக்கு. இறந்தவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, கென்யாவைவிடக் குறைவுதானே என்பவர்கள் உண்டு. கொல்வது அங்கே நோக்கமே இல்லை. நொண்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி வரும் ஒருவர், செத்தவரைவிடப் பல பேருக்குப் பாடம்.

வயிற்றையும் விடவில்லை. பணவீக்கம் அந்த ஜூலையில் அதிகாரக் கணக்கிலேயே 23 கோடி சதவீதத்தைத் தாண்டியது. பாதி கிராமம் வெளிநாட்டு உதவித் தானியத்தில் உயிர் பிடித்துக் கிடந்தது. ஜூன் 4-ல் தொண்டு நிறுவனங்களின் களப்பணி அத்தனையையும் அரசு நிறுத்தியது. மிச்சம் இருந்தது அரசுக் கிடங்குச் சோளம். அது கட்சி அட்டை காட்டினால் கிடைக்கும்.

நல்லதாக நடந்தது என்று ஒரு விஷயம் சொல்ல முடியும். ஏப்ரலில் ‘அன் யுவே ஜியாங்’ என்ற சீனக் கப்பல் ஜிம்பாப்வே ராணுவத்துக்கான ஆயுதங்களோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. முப்பது லட்சம் தோட்டா, ராக்கெட் குண்டுகள், மோர்ட்டார். தென்னாப்பிரிக்க அரசு அனுமதி கொடுத்துவிட்டது. துறைமுகத் தொழிலாளர் சங்கம் இறக்க மாட்டோம் என்றது. தேவாலயத் தரப்பு நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போனது, பக்கத்து நாடுகளும் முகம் சுளித்தன. அதிபர் எம்பெகி பார்க்க மறுத்த நெருக்கடி சுமை தூக்கும் தொழிலாளிகளுக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் நடுவில் முகாபே பிரச்சாரத்தில் பேசியதை மறைக்கவோ மழுப்பவோ இல்லை. வெறும் ஒரு பெருக்கல் குறிக்காக நாட்டை விட்டுக் கொடுக்க மாட்டோம், பேனா எப்படித் துப்பாக்கியோடு சண்டை போடும் என்று கேட்டார். கடவுள்தான் என்னை நியமித்தார், அவர் மட்டும்தான் என்னை இறக்க முடியும் என்றும் சொன்னார். ஜூன் 22-ல் சுவாங்கிராய் போட்டியிலிருந்து விலகினார். எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்டால் உயிரைக் கொடுங்கள் என்று கேட்பதாகிவிடும் என்ற நிலை. அவரே நெதர்லாந்து தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். விலகியது சரியா என்று இன்றும் சில அரசியல் விமர்சகர்கள் கேட்கிறார்கள். தொலைவில் உட்கார்ந்து கேட்பது சுலபம்.

ஜூன் 27 அன்று அவர் பெயர் சீட்டில் அப்படியே இருந்தது. ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்தாலும் ஆபத்து, விரலில் மை இருக்கிறதா என்று பார்த்தார்கள். சீட்டின் வரிசை எண்ணை எழுதி வந்து கொடுக்கச் சொன்னார்கள். படித்தவர்களையும், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, உதவிக்கு ஆள் வேண்டும் என்று சொல்லவைத்து, கூடவே போய்க் குத்தவைத்தார்கள். முகாபேயின் ஓட்டு சுமார் 10.8 லட்சத்திலிருந்து 21.5 லட்சமாக, ஏறக்குறைய இரு மடங்காக ஏறியது. அந்த 85.5 சதவீதம் இப்படி வந்ததுதான். இதில் என்னை அசரவைப்பது இன்னொரு எண்: 1,31,000-க்கு மேற்பட்ட செல்லாத ஓட்டுகள். சாவடிக்குள் போகாமல் இருக்க முடியாத நிலையில், திரைக்குப் பின்னால் கிடைத்த அந்த ஒரு நிமிடத்தில் சீட்டைக் கெடுத்துவிட்டு வந்தவர்கள் அதில் கணிசம். இரண்டே நாளில், ஜூன் 29-ல், பதவியேற்பு. அவசரமாக விமானம் ஏறி எகிப்தில் ஷர்ம் எல் ஷேக்கில் நடந்த ஆப்பிரிக்க ஒன்றிய மாநாட்டுக்குப் போனார். முதல் சுற்றுக்கு ஐந்து வாரம் எடுத்த ஆணையம் இதற்கு எடுத்துக்கொண்டது இரண்டு நாள்.

இம்முறை சாடெக் பார்வையாளர்கள்கூட, இந்த முடிவு ஜிம்பாப்வே மக்களின் விருப்பத்தைக் காட்டவில்லை என்று எழுதினார்கள். போட்ஸ்வானா அதிபர் இயன் காமா அங்கீகரிக்க மறுத்தார். ஜூலை 11-ல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் வந்த தடைத் தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டு முறித்தன. கிரிக்கெட் வாரியங்கள் தங்கள் பங்குக்கு ஒரு சமரசம் செய்தன: 2009-ல் இங்கிலாந்தில் நடந்த டி20 உலகக் கோப்பையிலிருந்து ஜிம்பாப்வே ஒதுங்கிக்கொண்டது, முழு உறுப்பினர் அந்தஸ்து அப்படியே இருந்தது. செப்டம்பர் 15-ல் எம்பெகி முன்னிலையில் அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம். முகாபே அதிபர், சுவாங்கிராய் பிரதமர். கையெழுத்துப் போட்ட பிறகும் ஆள் கடத்தல் நிற்கவில்லை. வன்முறையைப் பதிவு செய்துகொண்டிருந்த ஜிம்பாப்வே பீஸ் ப்ராஜெக்ட் அமைப்பின் தலைவி ஜெஸ்டினா முகோகோவை டிசம்பர் 3 விடியற்காலையில், இரவு உடையிலேயே, நார்ட்டன் வீட்டிலிருந்து தூக்கிப் போனார்கள். மூன்று வாரம் எங்கே என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நீதிமன்றத்தில் கொண்டு வந்து நிறுத்தி, அரசைக் கவிழ்க்கச் சதி என்று வழக்குப் போட்டார்கள். 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை நிரந்தரமாக நிறுத்தியது. அவரைக் கடத்தி அடித்தவர்கள் மேல் வழக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டால் 1980-களுக்குப் போக வேண்டும். நிடெபெலே மக்கள் வாழும் மடபெலேலாந்தில், எதிர்க்கட்சியான ஜாப்புவை ஒடுக்குகிறோம் என்று ஐந்தாவது படையணி நடத்திய கொலைகளுக்குப் பெயர் குகுராஹுண்டி. உமியை அடித்துக்கொண்டு போகும் முதல் மழை என்று அதற்கு அர்த்தம். இறந்தவர்கள் 20,000 வரை என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 1987 கடைசியில் ஜாப்பு ஆளுங்கட்சியோடு கரைந்தது. 1988-ல் செய்தவர்கள் அனைவருக்கும் பொது மன்னிப்பு. 1990 தேர்தலில் க்வெரு நகரில் துணை அதிபரை எதிர்த்து நின்ற பேட்ரிக் கொம்பாயியைச் சுட்டார்கள். உளவுத்துறை ஆள் ஒருவரும் கட்சி இளைஞரணித் தலைவர் ஒருவரும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகாபே மன்னித்துவிட்டார். 2000-ல் சுவாங்கிராயின் ஓட்டுநரையும் ஒரு பெண் தொண்டரையும் புஹேராவில் வண்டியோடு கொளுத்தினார்கள். தேர்தல் வழக்கை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதியே, பெயர் சொல்லி, இவர்கள் மேல் வழக்குப் போடுங்கள் என்று அட்டர்னி ஜெனரலுக்கு அனுப்பினார். போடவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த மன்னிப்பு ஆணை கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை போன்ற சிலவற்றை மட்டும் விலக்கி வைத்து, ஜனவரி முதல் ஜூலை வரை நடந்த அரசியல் அடிதடி, கடத்தல், தீவைப்பு எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. 2008-ல் ஒரு பேஸில் தடியோடு நின்ற இருபது வயதுப் பையனுக்கு இந்தச் சட்ட வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவனுக்கு முன்னால் இதைச் செய்த மாமனோ சித்தப்பனோ வீட்டில் சுகமாக இருப்பதைப் பார்த்தால் போதும்.

கூட்டாட்சியில் எம்டிசியும் இருந்ததே, அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காவல்துறை, ராணுவம், உளவு, நீதித்துறை எல்லாம் முகாபே கையில். எம்டிசிக்குக் கிடைத்தது கஜானா, அதுவும் காலியான கஜானா. தேசிய நல்லிணக்கத்துக்கு என்று ஓர் அமைப்பை மூன்று அமைச்சர்களோடு வைத்தார்கள், விசாரிக்கும் அதிகாரம் எதுவும் தராமல். 2011-ல் அந்தத் துறை அமைச்சர்களில் ஒருவரான மோசஸ் ம்ஸிலா இண்ட்லோவு, குகுராஹுண்டியில் இறந்தவர்களுக்கான ஒரு பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசினார் என்பதற்காகக் கைது செய்யப்பட்டார். நல்லிணக்க அமைச்சரே உள்ளே! 2013 அரசியல் சட்டம் அமைதிக்கும் நல்லிணக்கத்துக்கும் பத்து ஆண்டு ஆயுளோடு ஓர் ஆணையத்தை உருவாக்கியது. அதை இயக்கும் சட்டத்தில் கையெழுத்து விழுந்தது 2018 ஜனவரியில். பாதி ஆயுள் அப்படியே போனது.

வெளியே ஒரு வாசல் திறந்தது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு வழி இல்லை, ஜிம்பாப்வே ரோம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது, உறுதி செய்யவில்லை. ஆனால் தென்னாப்பிரிக்கா உறுதி செய்த நாடு. 2007 மார்ச்சில் ஹார்வெஸ்ட் ஹவுஸில் பிடித்துச் சித்திரவதை செய்தவர்களைப் பற்றித் தென்னாப்பிரிக்கக் காவல்துறை விசாரிக்க வேண்டும் என்று சில வழக்கறிஞர்கள் மனுப் போட்டார்கள். வழக்கு படிப்படியாக ஏறியது. 2014 அக்டோபரில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், ஆம், விசாரிப்பது உங்கள் கடமை என்று ஒருமனதாகச் சொன்னது. சித்திரவதை எல்லை தாண்டியும் துரத்தும் குற்றம் என்பதற்கு ஆப்பிரிக்காவில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. ஒரு கைதும் அதிலிருந்து இன்னும் வரவில்லை என்றாலும், ஷாப்பிங்குக்கு ஜோகன்னஸ்பர்க் போகிற அதிகாரிகளுக்கு ஒரு கணம் யோசனை வந்திருக்கும்.

அதற்குப் பிந்தைய தேர்தல்களில் முறை மாறியிருக்கிறது. 2018-ல், வாக்குப்பதிவு முடிந்து இரண்டாம் நாள், ஆகஸ்ட் 1 அன்று, முடிவு தாமதமாகிறது என்று ஹராரே தெருவில் இறங்கியவர்கள்மேல் ராணுவம் சுட்டது. ஆறு பேர் செத்தார்கள். தென்னாப்பிரிக்க முன்னாள் அதிபர் மொட்லாந்தே தலைமையில் வைத்த விசாரணை ஆணையம், ராணுவமும் காவல்துறையும்தான் காரணம் என்று எழுதியது. சுட்ட சிப்பாய் ஒருவரும் நீதிமன்றம் ஏறவில்லை. 2023 ஆகஸ்டில் வாக்குப்பதிவு நாள் இரவு, வி-11 எண்களைத் தனியாகக் கூட்டிக்கொண்டிருந்த சுமார் 40 கண்காணிப்பாளர்களை அவர்களுடைய கணினி, கைப்பேசியோடு கைது செய்தார்கள். வாசலில் எண்ணை ஒட்டலாம், சேர்த்துக் கூட்டக் கூடாது. கிராமங்களில் ஃபாஸ் என்று ஓர் அமைப்பு, உளவுத்துறையோடு தொடர்புடையது என்று பேசப்படுவது, வாக்குச்சாவடிகளுக்கு அருகே மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருகிறவர்களைக் கூப்பிட்டுப் பெயர் எழுதிக்கொண்டார்கள். கருத்துக்கணிப்பு என்றார்கள். மஷோனாலாந்தில் 2008-ஐப் பார்த்த ஒரு கிழவிக்கு அந்த மேசை முன்னால் நின்றபோது கேட்கப்பட்ட கேள்வி புதிதாக இருந்திருக்காது: எங்கே போட்டாய்?